நொய்யற்கரைச் சிற்றூர்

சரவணம்பட்டிக்கு ஆறு கிடையாது. மழை பெய்தால் பள்ளங்களில் ஓடும் நீரைத்தான் இளமையில் நாம் ஆறென்று எண்ணியிருந்தோம். உண்மையான ஆற்றைக் கண்டது தாயாரின் பிறந்தகத்தில். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் கரையில், கொடுமணலுக்கு அடுத்ததாக இருந்தது அச்சிற்றூர். கோடை விடுமுறை முழுதும் மாமாவின் வீட்டிலேயே கழியும். தெளிந்த நீரில் கால்களைக் கடிக்க வரும் மீன்குஞ்சுகளை இன்றும் மறக்கவில்லை.

கொடுமணல் அந்நாளில் எவர்க்கும் தெரியாத ஊர். காட்டில் வட்டவட்டமாகப் பெருங்கற்கள் நடப்பட்டிருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மேட்டு நிலத்தில் சிறு மணிகள் பளபளக்கும். ஆடு மேய்க்கும் பிள்ளைகளோடு நாமும் சிவந்த மணியொன்றைப் பொறுக்கி, எங்கோ தொலைத்தும் விட்டோம். அதன் விலையை அறிந்தது, 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு தொடங்கிய பிறகுதான்.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்று அறிஞர் கூறுகின்றனர். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இங்கே இரும்பை உருக்கினர், கல்லை அறுத்து மணி கோத்தனர். ஈமக்குழி ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குச் சென்ற பெருவழி இதனருகே போயிற்று. பானையோடுகளில் சம்பன், விசாகி எனத் தமிழி எழுத்தில் பெயர்கள். ஓர் ஓட்டில் வணிகர் குழுவைச் சுட்டும் ‘நிகம’ என்ற சொல். தம் பானை பிறர் பானையோடு கலந்துவிடக் கூடாதே என்று பெயர் பொறித்தவர்கள், இத்தனை காலம் கழித்து நாம் அதைப் படிப்போம் என நினைத்திருக்க மாட்டார்கள்!

காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பெரில் என்னும் பச்சைக்கல்லும் இங்கே மணியாயிற்று. அப்பெயரே இந்தியச் சொல்லிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது என்பர். திருவெளிப்பாட்டு நூலில் புதிய எருசலேமின் மதிலுக்கு எட்டாவது அடிக்கல்லாக வருவது அந்தக் கல்தான். ஆலயத்தில் அவ்வாசகம் படிக்கப்படும்போதெல்லாம் நம் மனம் படியூர்க் காட்டுக்குப் போய்விடும்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லக் கூசுகிறது. நாம் இருபது ஆண்டுகள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கெழுதிப் பிழைத்தோம். பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. சாயம் துணியோடு போகும். உப்போ கழிவுநீரோடு ஆற்றுக்குப் போகும். வரவில் எழுதிய உப்பு எங்கே செலவாயிற்று என்று நம் பேரேட்டில் பத்தி ஏதும் இல்லை. பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில்தான் அது சென்று தேங்கிற்று. கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்தன. மாமா முதலில் நெல்லை விட்டார், பிறகு மஞ்சளை விட்டார். கடைசியில் எருமைகளையும் விற்றார். அவர் வயலை விட்ட அதே ஆண்டுகளில்தான் அந்தச் சம்பளத்தில் நாம் சரவணம்பட்டியில் மாடிவீடு கட்டினோம்.

விவசாயிகள் நீதிமன்றம் ஏறினர். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. பல்லாயிரம் பேர் வேலையிழந்தனர். அவர்கள் அடுப்பு எரியாததையும் கண்டோம். எது நியாயம் என்று பிரித்துச் சொல்ல நமக்கு இன்றும் நா எழவில்லை.

அண்மையில் காளப்பட்டி வழியே அவினாசி சாலையைப் பிடித்து அவ்வூருக்குப் போயிருந்தோம். மாமாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. உப்புக் கணக்கு எழுதியது நாம்தான் என்பதை அன்றுதான் அவரிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார்.

“உட்காருங்க மாப்பிள்ளை, அதுக்கென்னுங்க, ஆராவது எழுதித்தானுங்க ஆகோணும்” என்றவர், எழுந்து கிணற்றடிக்கு நடந்தார். ஒரு வாளி இறைத்து நம் உள்ளங்கையில் ஊற்றினார்.

நீர் தெளிவாகவே இருந்தது. வாயில் வைத்தோம், கரித்தது.