ராக்கெட் மேல் போட்ட பழி

எங்கள் மொட்டைமாடிக் கொட்டகை தீபாவளி ராத்திரி எரிந்ததற்குப் பக்கத்து வீட்டுப் பையன் விட்ட ராக்கெட்தான் காரணம் என்று தெரு முழுக்கச் சொன்னவன் நான். பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன்.

கோடை வெயிலுக்கென்று போட்ட தென்னங்கீற்றுக் கொட்டகை அது. காய்ந்து, தொட்டாலே உதிர்ந்தது. அடியில் பழைய பேப்பர் கட்டு, கிழிந்த மெத்தை. “கீத்தைப் பிரிச்சிடுங்க, இல்லாட்டி நனைச்சாவது வைங்க” என்று மனைவி நச்சரித்தாள். பிரித்தால் மறுபடி வேயக் கூலி ஆகும். நனைப்பதற்கு மோட்டாரைப் போட்டு ஹோஸைப் பிடித்தால் போதும். அதற்கும் சோம்பல். ஐப்பசி மழை நனைக்காதா என்று இருந்துவிட்டேன். அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு தூறல்கூட இல்லை.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில், சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. செய்தி பார்த்து அழுதேன். பள்ளிகளில் கூரையை மாற்றச் சொல்லி அரசு உத்தரவு போட்டபோது, முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா என்று திட்டினேன். அப்படித் திட்டியவன்தான் பிற்பாடு என் வீட்டு மாடியில் கீற்று வேய்ந்தேன்.

கொட்டகை எரிந்தபோது 101-க்கு போன் போட்டவன் அந்தப் பையன். வண்டி வருவதற்குள் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றியவர் அவன் அப்பா. நான் மணியைப் பார்த்தேன். ஒன்பதைத் தாண்டியிருந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 மணி வரைதான் பட்டாசு வெடிக்க அனுமதி என்பதைப் பிடித்துக்கொண்டேன். போலீசுக்குப் போவேன் என்றேன். என் கண்ணெதிரே அவர் பையனை அடித்தார், நான் தடுக்கவில்லை. மறுநாள் பணம் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். மாடியில் இப்போது நிற்கிற தகரக்கூரை அந்தக் காசில் போட்டது.

நேரம் கழித்து வெடித்தது அவன் தப்புதான். ஆனால் அவன் ஏழு மணிக்கு விட்டிருந்தாலும் என் கொட்டகை எரிந்திருக்கும்.

அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுத்தும் வைத்துவிட்டேன். எதற்கு என்று அவர் கேட்பாரே, அதற்குப் பதில் சொல்லத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை.