டப்பாப் பயறும் தம் போட்ட பயறும்



ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் பண்பொழியில் அடுப்படியை விட்டு நகர மனம் வராது. குற்றாலத்து அருவிகளைக் காண வெளியூரார் வண்டி வண்டியாக வந்து இறங்கும் அந்நாட்களில், நாங்கள் காயாத துணிகளைக் கொடியில் மாற்றிமாற்றிப் போட்டுக்கொண்டு, இரவுக் கஞ்சிக்கு எந்தப் பயற்றை வேகவைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்போம். செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் முதல் நாள் வரை மலையாளச் சீமையோடு சேர்ந்திருந்தது அல்லவா? எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது, கஞ்சியும் பயறும் எங்களோடு தங்கிவிட்டன.

அப்படியொரு சாரல் மாலையில், மூன்று நாள் காய்ச்சலிலிருந்து எழுந்து அமர்ந்த என் கணவர், "அந்த டப்பாப் பயறு இருந்தால் இரண்டு வாய் சாப்பிடலாம்" என்றார்.

டப்பாப் பயறு எது என்று உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். தக்காளிச் சாற்றில் இனிப்பும் புளிப்புமாக மிதக்கும் வெள்ளைப் பயறு. 'பேக்டு பீன்ஸ்' என்று அதன் மேல் எழுதியிருக்கும். அவர் 1991 முதல் 2008 வரை தம்மாமில் வேலை பார்த்தவர். விடுமுறையில் வரும்போதெல்லாம் பெட்டியில் நாலைந்து டப்பாக்கள் இருக்கும். நாங்கள் அதைப் பெரும் பொருளாக மதித்து, விருந்தாளிகளுக்குச் சிறு கிண்ணங்களில் வைத்துக் கொடுப்போம். பிள்ளைகள் காலி டப்பாவைக்கூட விடமாட்டார்கள்.

"அரபு நாட்டு விருந்துச் சாப்பாடு நினைவுக்கு வந்துவிட்டதோ?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் கையில் காசு தீர்ந்தபின், அறைத் தோழர் ஒருவரும் தாமும் ஒரு ரியால் குப்பூஸ் வாங்கி, ஒரு டப்பாவை உடைத்து ஆளுக்குப் பாதியாகத் தின்று படுத்த கதையை அன்றுதான் சொன்னார். எத்தனை மாதங்கள் என்று கேட்டேன். "எல்லா மாதமும்தான்" என்றார். 'இங்கே சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை' என்று அவர் எழுதிய கடிதங்கள் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. வீட்டுக்குத் தளம் போட்ட ஆண்டுக் கடிதங்களில் அந்த வரி அடிக்கடி வரும்.

இப்போது பெரிய கடைகளில் அந்த டப்பா கிடைக்கிறது. ஆனால் 17 ஆண்டுகள் அவர் தட்டில் விழுந்தது என்னவென்று அறியாதிருந்த எனக்கு, அதைக் கடையில் வாங்கிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

முதல் நாள் தோற்றேன். தட்டைப்பயற்றோடு தக்காளி, புளி, கருப்பட்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பிலேற்றினேன். ஒன்றரை மணி நேரம் கழிந்தும் பயறு கல்லாகவே இருந்தது. புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பயற்றின் தோல் இறுகிவிடும். போதாததற்குப் பதநீர் இறக்கும் கலயத்தில் தடவும் சுண்ணாம்பின் சத்து கருப்பட்டியிலும் கொஞ்சம் தங்கியிருக்கும். அதுவும் பயற்றை இறுக்கும். ஆகவே, பயறு விரலால் நசுங்கும்வரை தனியே வெந்தாக வேண்டும்.

மறுநாள் கால் கிலோ பயற்றை ஆறு மணி நேரம் ஊறவைத்து, உப்பிட்டு நன்றாக வேகவைத்தேன். ஒரு பெரிய வெங்காயத்தையும் நாலு பல் பூண்டையும் வதக்கி, நாலு பழுத்த தக்காளியை அரைத்து ஊற்றி, பச்சை வாடை போனதும் இரண்டு கரண்டி வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, அரைக் கரண்டி மிளகாய்த்தூள், சிறிது புளி சேர்த்தேன். பிறகு பயற்றைக் கொட்டி, மண்சட்டியை மூடி, மூடி மேல் தணலைப் பரப்பி முக்கால் மணி நேரம் தம் போட்டேன். பிரியாணிக்குப் போடும் அதே தம்தான். டப்பாக்காரர்கள் இதைக்கூடச் செய்வதில்லை. டப்பாவை அடைத்து நீராவியிலேதான் வேகவைக்கிறார்கள்!

தட்டைப்பயற்றுக்குப் பதில் ராஜ்மா போடுவீர்களானால் ஒரு கவனம் தேவை. எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடமேனும் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். சரியாக வேகாத ராஜ்மாவிலுள்ள நச்சு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும். வெறும் தணல் சூடு அதை முறிக்காது.

டப்பாவே வாங்குகிறவர்கள் மேல்சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தார் முறையில் கரும்புப் பாகோடு பன்றி இறைச்சியும் சேரும். தணலில் பயறு வேகவைப்பது அவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. எகிப்தில் குறுகிய கழுத்துள்ள செப்புக் குடத்தில் இரவெல்லாம் வேகும் 'ஃபூல்', நோன்புக் காலத்தில் சஹருக்கு விரும்பி உண்ணப்படுவது.

சட்டியைத் திறந்தபோது வெளியே மழை வலுத்திருந்தது. கஞ்சிக்குப் பக்கத்தில் பயற்றை வைத்தேன். அவர் ஒரு வாய் உண்டு, "டப்பாவைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் அது இல்லை" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. தலையைக் குனிந்து மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பாதி ஆனதும் மீதியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"ஏன், வேண்டாமா?"

தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அவருக்கு எடுத்து வைத்துவிட்டேன்" என்றார்.

அந்த அறைத் தோழர் மலைக்கு அந்தப்பக்கம் புனலூர்க்காரர். மிச்சப் பயற்றை நான் எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன்.