கணக்கும் கலகலப்பும்

கலகலப்பாகப் பழகுவோரும் கற்பனை வளம் மிக்கோரும் கணக்குத் தொழிலுக்கு ஏற்றவரல்லர் என்று பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை.

சார்லஸ் லாம் என்னும் ஆங்கில எழுத்தாளர், 1792-ஆம் ஆண்டில், தம் 17-ஆம் வயதில், இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். 1825 வரை 33 ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார். அவர் பேச்சில் சிலேடையும் நகைச்சுவையும் துள்ளும். இல்லத்தில் நண்பர் கூட்டம் நிறையும். ‘எலியா’ என்னும் புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரைகளைப் படிக்குந்தோறும், பேரேடு புரட்டிய கையா இவற்றை எழுதியது என்று நான் வியப்பேன். அலுவல் அவருக்குச் சலிப்பூட்டியதும் உண்டு. ஆயினும், நோயுற்ற தமக்கை மேரியைக் காக்க அவ்வூதியமே துணையாயிற்று.

கணக்கில் கற்பனை புகுந்தால் அது களவாகிவிடும். ஆனால், எண்கள் தாமே பேசமாட்டா. செலவு ஏன் மிகுந்தது என்று பலரிடம் கேட்டறியவும், அறிந்ததைப் பிறர்க்கு விளங்க உரைக்கவும் இன்சொல்லும் நுண்ணறிவும் வேண்டும். ஆதலின், மாணவர்களே, கலகலப்பு உங்கள் இயல்பாயின் அதனைக் கைவிடாதீர்கள். கணக்கிற்குரிய பொறுமையையும் நேர்மையையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.