சிவப்பு மையும் கருமின்னியும்

உலு யாம் மாணவன் ஒருவன், ஐந்தாம் ஆண்டில் படிப்பவன், கற்பனைக் கட்டுரையில் ஒரு நாட்டைப் படைத்திருந்தான். அந்நாட்டு வீரர்களின் வாள், இரும்பையும் பிளக்கும் 'கருமின்னி' என்னும் உலோகத்தால் ஆனதாம். 'இப்படியோர் உலோகம் இல்லை' என்று சிவப்பு மையால் எழுதிவிட்டேன். மறுவாரம் அவன் எழுதியது நான்கே வரி. பிழையில்லை; உயிரும் இல்லை.

மனம் உறுத்தியது. கொங்குநாட்டுக் கொடுமணலில் நம் முன்னோர் மூசை எனும் மண்கலத்தில் உருக்கு வடித்தனர். அத்தகைய தென்னிந்திய உருக்கே டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலப்பொருளானது. 1819இல் அதனை ஆராய்ந்த மைக்கேல் பாரடேகூட அதன் சிறப்புக்குத் தவறான காரணமே கூறினார்.

அவனிடம் வருத்தம் தெரிவித்து, "தம்பி, கருமின்னியை எங்கே வெட்டுகிறார்கள்? எப்படி உருக்குகிறார்கள்?" என்று கேட்டேன்.

"நம்ம ஈயக்குட்டைக்கு அடியில், ஐயா!" என்றான். மறுநாள் மூன்று பக்கம் எழுதி வந்தான்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோரே, திருத்துமுன் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போமா?