மைதானத்து உபாத்தியாயர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வந்த முதல் திங்கட்கிழமை, மணி பத்து அடித்தும் எங்கும் புறப்பட வேண்டியதில்லை என்ற நினைப்பு நெஞ்சில் ஒரு வெறுமையை உண்டாக்கிய வேளையில், முன்பு படித்திருந்த அமாஸ் அலான்ஸோ ஸ்டாக் என்னும் அமெரிக்கரின் சரித்திரம் என் ஞாபகத்துக்கு வந்தது. எழுபது வயது நிறைந்துவிட்டதென்று விதியைக் காட்டிச் சிகாகோ சர்வகலாசாலை விடை கொடுத்தபோது, 41 பருவங்கள் அங்கே அமெரிக்கக் கால்பந்து பயிற்றியிருந்த அந்தப் பெரியவர், கலிபோர்னியாவிலுள்ள பசிபிக் கல்லூரிக்குப் போய், 1933-இல் மீண்டும் மைதானத்தில் இறங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, தம் 81-ஆம் வயதில், அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளரென்று சக பயிற்சியாளர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் 1862-இல் நியூ ஜெர்சியில், செருப்புத் தைத்துப் பிழைத்த ஓர் ஏழையின் மகனாகப் பிறந்தவர். யேல் சர்வகலாசாலையில் அவர் சேர்ந்தது மதபோதகராகும் நோக்கத்தோடுதான். பேஸ்பாலில் பந்து வீசுவதில் அவர் காட்டிய சாமர்த்தியத்தைக் கண்டு தொழில்முறைக் குழுக்கள் பணத்தோடு வந்து அழைத்தும், அவர் இசையவில்லை. ஆனால் மேடையேறிப் பிரசங்கம் செய்யும் வன்மை தமக்கு இல்லை என்பதை உணர்ந்ததும், போதனைக்கு வேறோர் இடம் தேடினார். அந்த இடம் மைதானமாயிற்று. நாவால் ஊட்ட இயலாத ஒழுக்கத்தை, ஓட்டத்தாலும் வியர்வையாலும் ஊட்டலாமென்று அவர் கண்டுகொண்டதாகவே நான் எண்ணுகிறேன்.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் அவர் பணியாற்றுகையில், அங்கே உடனிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் கூடைப்பந்து என்ற புதிய ஆட்டத்தை வகுத்தார். மறு ஆண்டு மார்ச்சில் பொதுமக்கள் முன்னிலையில் ஆசிரியர்களும் மாணவர்களும் மோதிய ஆட்டத்தில் மாணவர்களே 5-க்கு 1 என்று வென்றனர். ஆசிரியர் பக்கத்தில் விழுந்த அந்த ஒரே பந்து ஸ்டாக் போட்டது.

யேலில் தமக்கு ஆசிரியராயிருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் சிகாகோவில் புதிய சர்வகலாசாலையை நிறுவியபோது, 1892-இல் ஸ்டாக்கை அங்கே அழைத்துக்கொண்டார். தேகப்பயிற்சி ஆசானுக்கு மற்ற ஆசிரியர்களோடு சரியாசனம் அளித்தது அந்நாளில் அபூர்வமான காரியம். ஆட்கள் போதாத அந்த முதற்பருவத்தில் அவரே மாணவர்களோடு சேர்ந்து ஆடினார். கால்பந்தோடு பேஸ்பாலையும் ஓட்டப்பந்தயங்களையும், ஒரு பருவம் கூடைப்பந்தையும் அவரே பயிற்றினார். 1900-இல் ஓட்டக்காரர்களைப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றார். இத்தனை ஆட்டங்களை ஒருவர் எப்படித் தாங்கினார் என்று வியந்த எனக்கு, ஆட்டங்கள்தாம் பல, அவர் வளர்க்க விரும்பிய இளைஞன் ஒருவனே என்ற உண்மை பின்னரே புலப்பட்டது.

அவர் பெயரைத் தாங்கிய சிகாகோ மைதானத்தின் கதையோ வேறு விதமாக முடிந்தது. சர்வகலாசாலை 1939-இல் கால்பந்தைக் கைவிட்டது; வெறுமையான அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கடியில்தான் 1942 டிசம்பர் 2-இல் பௌதிக விஞ்ஞானி ஃபெர்மியும் அவருடைய சகாக்களும் முதல் அணு உலையை இயக்கினார்கள். மைதானம் தன் தொழிலை மாற்றிக்கொண்டபோதும் கிழவர் மாற்றிக்கொள்ளவில்லை. பசிபிக் கல்லூரியை விட்டபின், 1947 முதல் பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா சர்வகலாசாலையில் தம் மகனோடு சேர்ந்து பயிற்றினார். தொண்ணூறு வயதைக் கடந்தும், கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்துக் கல்லூரிப் பையன்களுக்குப் பந்தை உதைக்கும் நுட்பத்தைக் கற்றுக் கொடுத்தார். 1965-இல், தம் 102-ஆம் வயதில், அந்த ஊரிலேயே காலமானார்.

அவர் குவித்த வெற்றிகளைக் காட்டிலும், அந்த முதிய வயதில் யாரோ ஒரு பையனின் காலைத் திருத்தி வைத்த அவருடைய பொறுமையே என்னை ஆட்கொள்கிறது. அடுத்த திங்கட்கிழமை, கணக்கில் பின்தங்கியிருந்த பக்கத்து வீட்டுச் சிறுவனை அழைத்துப் பலகையை எடுத்துவரச் சொன்னேன். மணி பத்து அடித்தது என் காதில் விழவேயில்லை.