பிறன் குரலிற் பாடிய நாள்

விழா மலருக்கு நானும் ஏதேனும் எழுதுதல் வேண்டுமென மலர்க்குழுவினர் அன்புக் கட்டளை இட்டபோது, எதனை எழுதுவதென நெடுநேரம் எண்ணினேன். விளையாட்டில் வாகை சூடியோர், பரீட்சையில் முதன்மை பெற்றோர், பெரும்பதவி வகித்தோர் எனப் பலரும் எழுதும் ஏடு இது. எனக்கோ அத்தகைய பெருமை எதுவும் இல்லை. ஆதலின் நான் தோற்ற கதையொன்றைச் சொல்ல விழைகின்றேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாதிருந்த கதை அது.

கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறும் வீதியோரத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவன் நான். தந்தையார் தோட்டத் தொழிலாளி. கல்வியின் பொருட்டுக் கண்டி நகருக்கு வந்து விடுதியிற் சேர்ந்தேன். எங்கள் லயத்தில் எவர் வீட்டிலும் வானொலிப் பெட்டி இருந்ததில்லை. தோட்டத்து எல்லையிலிருந்த தேநீர்க் கடையில்தான் ஒன்று இருந்தது. விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் மாலை வேளைகளில் அக்கடை வாயிலில் நின்று இலங்கை வானொலியிற் பாட்டுக் கேட்பேன். டி. எம். சௌந்தரராஜன் அவர்களின் குரலில் எனக்குப் பெரும் பித்து. அவர் மூச்சு விடும் இடம், சொல்லை அழுத்தும் இடம், உச்சத்திற் குரலை நிறுத்தும் இடம் ஆகிய யாவற்றையும் பாடமாக்கிக்கொண்டேன். விடுதித் தோழர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வானொலியேதான் என்பர். ‘சின்னச் சௌந்தரராஜன்’ என்ற பட்டமும் கிடைத்தது. பட்டம் கிடைத்துவிட்டால் மேடையைத் தேடுவது இளமையின் இயல்பன்றோ!

1969ஆம் ஆண்டில் அதற்கும் வாய்ப்பு வந்தது. இளைஞர் சங்கமொன்று கண்டி நகர மண்டபமொன்றிலே பாடற் போட்டி நடத்தியது. பாட்டைத் தொழிலாகக் கொள்ளாதோர் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஒருவருக்கு ஒரு பாடல். ஆர்மோனியமும் தபேலாவும் அவர்களே தருவர். விண்ணப்பத்தாளிற் பெயர், வயது, ஊர் என மூன்று வரிகள் இருந்தன. முதலிரண்டையும் தடையின்றி எழுதினேன். மூன்றாவது வரியிற் பேனா நின்றது. தோட்டத்தின் பெயரை எழுதினால் அவை என்ன நினைக்குமோ என்றொரு கூச்சம். ‘விடுதி கண்டியில்தானே இருக்கிறது’ என்று மனத்துக்கு ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, ‘கண்டி’ என எழுதினேன். எழுதியது முழுப் பொய்யன்று. ஆயினும் எழுதிய கை அறியும் அது எத்தகைய மெய் என்பதை.

போட்டி நாளன்று தந்தையார் வந்திருந்தார். யான் அழைக்கவில்லை, ஊரார் எவரோ சொல்லக் கேட்டு வந்துவிட்டார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பர். அன்று அரைப்பேரோடு மலையிறங்கி, வேட்டிக்கு மேல் திருவிழாக் காலத்துக் கறுப்புக் கோட்டை அணிந்துகொண்டு, இரண்டு பேருந்துகள் மாறி வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் ஓரமாக அமர்ந்திருந்தார். திரைமறைவிலிருந்து அவரைக் கண்டேன். கீழே சென்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

என் முறை வந்தது. அறிவிப்பாளர் என் பெயரையும் ஊரையும் வாசித்தார்: “கண்டி.” ஆர்மோனியம் வாசிக்கவிருந்த பெரியவர், “எத்தனை கட்டை, தம்பி?” என்று மெல்லக் கேட்டார். வானொலியிற் கேட்ட அதே சுருதியை வேண்டினேன். “உம்முடைய தொண்டைக்கு ஒரு கட்டை குறைச்சால் சுகம்” என்றார். சுருதி குறைந்தால் அந்தக் குரல் வாராதே என அஞ்சி மறுத்தேன். பல்லவி நன்றாகவே அமைந்தது, அவை கைதட்டியது. சரணத்தின் உச்சத்திலோ, அண்மையில் உடைந்திருந்த என் குரல் தன் இயல்பைக் காட்டிவிட்டது. எப்படியோ சமாளித்து முடித்தேன். கைதட்டல் இரக்கத்தோடு மீண்டும் எழுந்தது.

நடுவருள் ஒருவர் யாழ்ப்பாணத்தவர், இசையறிந்த முதியவர். ஒவ்வொருவருக்கும் ஓரிரு சொற்கள் கூறிவந்த அவர் என்னை நோக்கி, “தம்பி, நல்லாய்ப் பாடினீர். ஆனால் இது சௌந்தரராஜன்ர குரல். உம்முடைய குரல் எங்கே?” என்றார். சபையில் சிறு சிரிப்பு எழுந்து அடங்கியது. கடுமையாக அவர் சொல்லவில்லை. உண்மையாகவே அறிய விரும்பியவர் போலக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பரிசு மூன்றில் ஒன்றும் எனக்கு இல்லை.

பேருந்து நிலையம்வரை தந்தையாருடன் நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அவர் பேசவில்லை. பேருந்தில் ஏறுமுன் என் தோளைத் தட்டி, “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, ராசா. அவுங்கதான் ஊரு பேரைத் தப்பா வாசிச்சுப்புட்டாங்க” என்றார்.

நான் திருத்தவில்லை. அப்பிழையை அறிவிப்பாளர் தலையிற் சுமத்திவிட்டுத் தந்தையாரைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன். போட்டியிற் தோற்றது அம்மண்டபத்திலன்று, அப்பேருந்து நிலையத்தில்தான்.

அடுத்த மாசி மாதத்தில் ஊருக்குச் சென்றிருந்தபோது காமன் கூத்து நடைபெற்றது. மலையகத்துத் தோட்டங்களிலே மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை அண்டி, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் காட்சியோடு முடியும் கூத்து அது. ஆடவரே ரதி வேடமும் தாங்குவர். எங்கள் தோட்டத்தில் ரதி என் தந்தையார். சிறுவயது முதலே கண்டதாயினும், கல்லூரிக்குச் சென்றபின் அதனை நாட்டுப்புறத்து வேடிக்கையென எண்ணி ஒதுங்கியிருந்தேன். அன்றிரவு தப்பின் ஒலிக்கிடையே, எரிந்த கணவனை நினைந்து ரதி புலம்பினாள். கரகரத்த குரல், சுருதி சேர்த்துக் கொடுக்க ஆர்மோனியம் இல்லை, உச்சத்தில் அதுவும் உடைந்தது. ஆயின் அது உடைந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதனர். அந்நடுவர் என்னிடம் கேட்ட பொருள் எது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

அதே விடுமுறையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, நாடற்றோராயிருந்த ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகியிருந்தது. எஞ்சியோரின் நிலை பிற்பட்ட பேச்சுக்கு விடப்பட்டது. விண்ணப்பம் அனுப்பும் காலம் அது. தந்தையார் எழுத்தறியாதவர். இலங்கைப் பிரசாவுரிமைக்கான தாளை நான்தான் நிரப்பினேன். நிரப்பி முடிந்ததும், “ஊரு பேரை வாசி, ராசா” என்றார். வாசித்தேன். “இன்னொருக்கா வாசி” என்றார். தோட்டத்தின் பெயரை இரண்டாம் முறையும் உரக்க வாசித்தேன். தலையசைத்துவிட்டுப் பெருவிரலை மையில் ஒற்றினார்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பின்னர், கூத்தில் மன்மதனாக ஆடிய அவர் நண்பர், தலைமன்னாருக்குச் செல்லும் புகைவண்டியில் இந்தியா சென்றார். ஏறுவோரும் வழியனுப்புவோரும் கதறி அழுததால் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் பெற்ற வண்டி அது. தனித்த ரதியாய்த் தந்தையார் மேலும் சில மாசிகள் ஆடி, 1981இல் காலமானார். ஈராண்டின் பின், 1983இல், சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலாக வெளிவந்தபோது, அதனை வாங்கித் தந்தையாரின் படத்தின் முன் வைத்தேன். அவருக்கு நான் சொல்லவேண்டியிருந்ததை அவ்வாறே சொன்னேன்.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்ட ஆண்டு. அவ்வாண்டில் சென்னையிலே ஜீ தமிழ் தொலைக்காட்சியின் ‘சரிகமப’ சிறுவர் பாடற் போட்டியைப் பேரப்பிள்ளைகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அசானி என்னும் சிறுமி மேடையேறினாள். புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை என்றே உலகத் தமிழர் முன் அறிமுகமானாள். நான் எழுதக் கூசிய ஊர்ப்பக்கத்தின் பெயர் அது. இறுதியில் முதற்பரிசைப் பெற்றவள் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா, மற்றொரு மகிழ்ச்சி. ஆயினும் அச்சிறுமியின் ஊர்ப்பெயர் ஒலித்த கணத்தில் என் கண்கள் கலங்கின. “தாத்தா ஏன் அழுகிறீர்கள்?” என்று பேத்தி கேட்டாள். “எங்கள் ஊர்ப் பெயரைச் சரியாக வாசித்துவிட்டார்கள், அம்மா” என்றேன்.

மாணவச் செல்வங்களே, மேடைக்கு அழைப்பு வரின் அஞ்சாது செல்லுங்கள். பிறரைப் பார்த்துப் பழகுவதும் பிழையன்று. எல்லோரும் அங்ஙனமே தொடங்குகின்றோம். தோற்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பாட்டுப் போட்டியில் தோற்ற துயரம் எனக்கு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. விண்ணப்பத்தாளின் மூன்றாவது வரியை மட்டும் உள்ளபடியே எழுதுங்கள். கடைசி வரிசையில், கறுப்புக் கோட்டணிந்து, உங்களுக்காக ஒருவர் வந்து அமர்ந்திருத்தல் கூடும்.