தீர்ப்பும் கைதட்டலும்

குற்றம் நடந்த இடத்தில் கூட்டம் கூடுவது மனித இயல்பு. கூடிய கூட்டத்திற்கு நுழைவுச்சீட்டு விற்பது வாணிபத்தின் இயல்பு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் நீதியின் கதி யாதாகிறது என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1924 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரிலே, பியூலா ஆனன், பெல்வா கார்ட்னர் என்னும் இரு பெண்கள் தத்தம் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஜாஸ் இசையும் கள்ளச் சாராயமும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அவர்களது உடையையும் ஒப்பனையையும் பத்திரிகைகள் நாள்தோறும் வருணித்தன. ஆடவர் மட்டுமே அமர்ந்த ஜூரி இருவரையும் விடுவித்தது. அவ்வழக்குகளைப் பற்றிச் செய்தி எழுதிய மொரீன் வாட்கின்ஸ் என்ற பெண் நிருபர், 1926 இல் அதனையே எள்ளல் நாடகமாக்கினார். பிற்காலத்தில் அதை இசைநாடகமாக்க உரிமை கேட்டவர்களுக்கு அவர் இறுதிவரை இணங்கவில்லை. 1969 இல் அவர் மறைந்த பின்னரே உரிமை கிடைத்தது. 1975 இல் 'சிகாகோ' பிராட்வே மேடையேறியது. 2002 இல் திரைப்படமும் ஆயிற்று.

அதே சிகாகோச் சிறையில் சபெல்லா நிட்டி என்றோர் ஏழைப் பெண்ணும் இருந்தாள். இத்தாலியிலிருந்து குடியேறியவள், ஆங்கிலம் அறியாதவள். அவளுக்கு 1923 இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியதால் உயிர் தப்பினாள். அழகும் மொழியும் பணமும் உள்ளவருக்கு ஒரு தராசு, அவை இல்லாதவருக்கு வேறொரு தராசு. இசைநாடகத்தில் அவளை ஒத்த பாத்திரம் தூக்கிலேயே தொங்குகிறது.

இவ்விழிவு மேனாட்டாருக்கே உரியது என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. கொலை நடந்த சில நாட்களுக்குள் அதனைச் சிந்தாகப் பாடி, சந்தையிலும் புகைவண்டியிலும் காலணா, அரையணாவுக்கு விற்ற மரபு தமிழகத்திற்கும் உண்டு. கொலைச்சிந்து என்றே அதற்குப் பெயர். ஆயினும் அச்சியந்திரமும் சினிமாவும் கைகோத்த பின்னர் நிகழ்ந்தது வேறு.

1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அது ஓடிய அரங்கின் பெயரும் பிராட்வே என்பது காலத்தின் கேலி. அதன் நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன். நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பணம் பண்ணியவர் 'இந்து நேசன்' ஆசிரியர் இலட்சுமிகாந்தன். அவ்வாண்டு நவம்பரில், சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றபோது அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் மாண்டார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாயினர். 1945 மே மாதத்தில் நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்திற்கே திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர்.

நாயகன் சிறையில், அவன் நிழலோ பிராட்வே அரங்கில் நாள்தோறும் பாடிக்கொண்டிருந்தது! சீட்டு வாங்கிய இரசிகர் கண்ணீர் விட்டனர். அவர்களிற் பலர் 'இந்து நேசன்' வாங்கிப் படித்தவர்களுமாகவே இருந்திருப்பர். ஏடு விற்றது வாசகர் இருந்தமையாலன்றோ? விடுதலைக்குப் பின் கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949), 'மணமகள்' (1951) எனத் தலைநிமிர்ந்தார். பாகவதரின் 'ராஜமுக்தி' (1948), 'அமரகவி' (1952) முதலியன பழைய வெற்றியை மீட்டுத் தரவில்லை. 1959 இல் அவர் மறைந்தார். குத்துண்டு இறந்தவரையோ எவரும் மனிதராக நினைத்தாரில்லை. புகழ் நீதியை மட்டுமன்றி, பிணத்தையும் மறைத்துவிடும்.

இந்தப் பழங்கதையை நாம் கல்முனைக் கரையில் மாணவர்க்குச் சொல்ல நேர்ந்தது. சென்ற ஆண்டு எம் ஊர்க் கடையொன்றில் பணம் களவு போயிற்று. அங்கு வேலை பார்த்த இளைஞனின் முகம் மஃரிபுக்கு முன்னரே கைத்தொலைபேசிதோறும் 'கள்வன்' என்ற பட்டத்துடன் உலவியது. மூன்றாம் நாள் எடுத்தவன் வேறொருவன் எனத் தெரிந்தது. அந்தச் செய்தியை அனுப்புவதற்கு ஒரு விரலும் அசையவில்லை. இளைஞன் கட்டாருக்குப் போய்விட்டான். அவன் தங்கை எமது வகுப்பில் படிக்கிறாள்.

தமிழ்த்தினப் போட்டிக்கென மாணவர் எழுதிய நகைச்சுவை நாடகத்தில், அந்த இளைஞனின் நடையும் சட்டையும் கொண்ட கள்வன் ஒருவன் வந்தான். ஒத்திகையில் வகுப்பே சிரித்தது. ஒருத்தி மட்டும் குனிந்து கொப்பியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நாம் ஒத்திகையை நிறுத்தி, பாகவதர் வழக்கைச் சொன்னோம். சொல்லி முடித்ததும் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "அப்ப அவரக் குத்தினது ஆரு சேர்?"

கேள்வி இயல்பானதே. ஆனால் குற்றவாளி யார் என்ற ஆவலுக்கு நிகராக, குற்றமற்றவர் இழந்தது என்ன என்ற கவலை நம்மிடம் வளரவில்லை. ஆவலுக்குச் சந்தை உண்டு. கவலைக்குச் சந்தை இல்லை. அன்று அந்தச் சந்தைக்கு அச்சியந்திரம் வைத்திருந்த முதலாளி தேவைப்பட்டான். இன்று நாம் ஒவ்வொருவரும் கூலியின்றி அவனது வேலையைச் செய்கிறோம். இலாபம் கடல் கடந்த நிறுவனங்களுக்குச் சேர்கிறது.

புறம் பேசுவதைப் பாவமென அஞ்சும் ஊர் எமது. அயலிலுள்ள காரைதீவிலோ, ஆண்டுதோறும் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடைபெறுகிறது. விசாரியாது கொன்ற வேந்தனிடம் ஒரு பெண் நியாயம் கேட்ட கதை, வழக்குரை காவியமாக இப்பிரதேசத்துக் கோயில்களில் பாடப்படுகிறது. இரு சமூகத்தாரும் ஒரே நீதியையே கேட்டு வளர்ந்திருக்கிறோம். பொய்யன் ஒருவனின் சொல்லை நம்பிய பாண்டியன், பிழை விளங்கியதும் உயிர் விட்டான். நம்மிடம் எவரும் உயிர் கேட்கவில்லை. முதற் செய்தியை எத்தனை பேருக்கு அனுப்பினோமோ, அத்தனை பேருக்கும் இரண்டாவது செய்தியையும் அனுப்பும் நேர்மையையே அந்தத் தங்கை கேட்கிறாள்.